கொக்கியில் இல்லாத கோப்பை

தாவரவியல் துறையின் டீ அறையில் அன்று காலை பூதக்கண்ணாடி மேடத்தின் பச்சைக் கோப்பையைக் காணவில்லை. கழுத்தில் எந்நேரமும் ஒரு சின்ன லென்ஸ் தொங்குவதால் அவருக்கு அந்தப் பெயர். இலை நரம்பைப் பார்க்க வாங்கியது. இப்போது ஆள்களைப் பார்க்கத்தான் அதிகம் உதவுகிறது என்று மாணவர்கள் சொல்வார்கள்.

கோப்பைதானே என்று விட்டுவிட முடியாது. துறையில் ஆசிரியராகச் சேருகிறவருக்குச் சுவரில் ஒரு கொக்கி உண்டு. விலகிப் போகிறவரின் கோப்பையை மற்றவர்கள் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்து வழியனுப்புவார்கள். கொக்கி காலியென்றால் ஆளும் காலி.

வேடிக்கை என்னவென்றால், துறைத் தலைவரின் கோப்பை மட்டும் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆராய்ச்சி மாணவி காடு மேடெல்லாம் அலைந்து பாசிகளைச் சேகரித்துக் கண்டுபிடித்ததைத் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டவர் அவர். புகார் செய்ததும் 'அந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்ல' என்று பரப்பியவரும் அவரே. பத்திரிகையில் நாறியபிறகு தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து டீ அறையில் சர்க்கரையைத் தவிர யாரும் யாரோடும் எதையும் பகிர்ந்துகொள்வதில்லை. பத்திரிகைக்குப் போட்டுக்கொடுத்தது யார்? ஆளுக்கு ஆள் கண்ணாலேயே துழாவிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் விசாரணை. மாணவி அந்தப் பாசிகளைக் கொண்டுவந்து அடுக்கியதை நேரில் பார்த்தவர் மேடம் ஒருவர்தான். சொன்னால் துறையின் மானம் போகும். சொல்லாவிட்டால் பெண்ணின் படிப்பு போகும்.

"வேற காலேஜ்ல கூப்பிடுறாங்கல்ல, பேசாம கழண்டுக்க" என்று காலையில் வீட்டில் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொல்லியிருந்தார். "இன்னும் அந்த இடத்தைக் கட்டிக்கிட்டு அழற."

"நான் படிச்ச இடங்க அது. உங்களுக்கு முன்னாடியே எனக்கு அதைத் தெரியும்."

"அதான் தெரியுதே, யார் மேல பாசம்னு."

கொக்கியை லென்ஸ் வைத்தே ஆராய்ந்தார் மேடம். என்ன தெரிந்ததோ, திரும்பியபோது முகம் சிவந்திருந்தது. போகப் போகிறேன் என்று அவர்களே எடுத்துவிட்டார்களா? வேறு கல்லூரி விஷயம் இங்கே எப்படிக் கசிந்தது? நேற்று வராந்தாவில் போன் பேசியபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் பக்கத்தில் நின்றது யார்? ஆமாஞ்சாமி! தலைவர் எது சொன்னாலும் தலையாட்டியே உதவிப் பேராசிரியராக உயர்ந்தவர். அவர் இழுப்பறை, அலமாரி, சன்னல் திட்டு என்று மேடம் ஒன்றையும் விடவில்லை. "ஸ்டேப்ளர் தேடுறேன்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டார்.

துரத்துகிறார்களா, நானே போகிறேன். சாட்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அதைச் சொல்லிவிட்டு வரத்தான் விசாரணை அறைக்கு விறுவிறுவென்று நடந்தார்.

வாசல் பெஞ்சில் அந்த மாணவி தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் டீயோடு பச்சைக் கோப்பை. கைப்பிடியில் கீறல் விழுந்த மேடத்தின் கோப்பையேதான். தூண் பக்கமாக ஆமாஞ்சாமி நழுவிக்கொண்டிருந்தார்.

"சார், நில்லுங்க. என் கப்பு இங்க எப்படி வந்துச்சு?"

"மெதுவா மேடம், மெதுவா! இந்தப் பொண்ணு காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்கு. மனசு கேக்கல. கப்பை அப்பவே எடுத்துட்டேன், யார் கண்ணுலயும் படாம குடுக்க இப்பதான் முடிஞ்சுது."

"உங்க கப்புல குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தா நானும் அந்தப் பக்கம்னு முத்திரை குத்திடுவாங்க. உங்களுக்குத்தான் ஏற்கனவே குத்தியாச்சே!"

"பேப்பர்காரங்ககிட்ட சொன்னது நான்னா நினைக்கிறீங்க?"

"நீங்க இல்லையா?" ஆமாஞ்சாமி உண்மையாகவே திகைத்துப் போனார்.

மாணவி பதறி எழுந்தாள். "இது உங்களோடதா மேடம்? தெரியாது. கழுவிக் குடுத்துடறேன்."

கழுவிக் கொடுப்பது. மேடத்துக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணுக்கு இங்கே கொக்கியே கிடைக்கவில்லை. வழியனுப்புவதற்கு மட்டும் எத்தனை பேர் தயாராக இருந்தார்கள், தன்னையும் சேர்த்து!

"வேணாம். நானே கழுவிக்கறேன். நீ முழுசாக் குடி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்.

மாலையில் கோப்பையைத் தேய்த்துக் கழுவித் தன் கையாலேயே கொக்கியில் மாட்டினார். டீ அறையில் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"துறையைச் சந்தி சிரிக்க வெச்சிட்டு இங்கேயேதான் இருக்கப் போறீங்களாம்மா?" என்றார் மூத்த பேராசிரியர்.

"வேற எங்க சார் போறது? இது என் துறை. அழுக்கானா நாமதானே கழுவணும்."

ஆமாஞ்சாமி பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் பார்த்திருந்தார்கள்.