கடைசிச் சரணம்

இஸ்திரி உருளையிலிருந்து விரிப்பு வெளியே வந்ததும் ஒரு முனையைப் பெரியக்காவும் மறுமுனையைப் புதுசும் பிடிப்பார்கள். இழுத்து உதறி, நீளவாக்கில் மடித்து, இருவரும் எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். அந்த நெருக்கத்தில் ஒருத்தி மூச்சு இன்னொருத்தி முகத்தில் படும். பிறகு விலகி, அடுத்த விரிப்பு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இதுதான். துணி கொதிக்கக் கொதிக்க வரும். விரல் நுனி மரத்துப்போன பிறகுதான் அந்த வேலை கைக்குப் பழகும்.

பெரியக்கா அங்கே பழைய ஆள். புதுசு வந்தும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் வந்த அன்று வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

உப்புக்காரியின் பாட்டைப் புதுசுக்குப் போட்டுக் காட்டியது பெரியக்காதான். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், கழுவிய டப்பாவுக்குள் போனை நிறுத்திவைத்தாள். அப்படி வைத்தால் சத்தம் கொஞ்சம் கூடி வரும்.

"யாருக்கா இது?"

"உப்புக்காரி. உப்பளத்துல மூட்டை தூக்கினவங்க. பாட்டெல்லாம் அவங்களே கட்டுறது. எழுதி வெக்க மாட்டாங்க, சுமந்துக்கிட்டு நடக்கிறப்பவே மனசுல கட்டிருவாங்களாம். பேசாம கேளு."

வீட்டில் அந்தக் குரலைக் கேட்டாலே பெரியக்காவின் புருஷன், "எழவு வீடு மாதிரி இருக்கு, நிறுத்து" என்பான். மகள் கதவைச் சாத்திக்கொள்வாள். அதனால் பல வருஷமாக அவள் ஒருத்தியாகவே கேட்டுவந்தாள். புதுசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடுக்கா" என்றபோது பெரியக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. தான் ஆக்கிப்போட்டதை ஒருத்தி ருசித்து மறுபடி தட்டை நீட்டிய மாதிரி.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. புதுசு எல்லாப் பாட்டையும் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். பிறகு பாடத் தொடங்கினாள். இயந்திரச் சத்தத்துக்கு மேலே ஏறி நிற்கிற தொண்டை அவளுக்கு. கூடத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்து பாடினார்கள். பெரியக்காவின் குரல் உடைந்த குரல்; அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஒரு வரியில் புதுசு ஒரு சொல்லை மாற்றிப் பாடினாள்.

"அப்படி இல்ல. 'கரை'ன்னு வராது, 'திரை'ன்னு வரும்" என்றாள் பெரியக்கா.

"இதுவே நல்லாத்தானே இருக்கு, பெரியக்கா" என்றார்கள் மற்றவர்கள்.

"இவங்கள எனக்குக் காட்டினதே பெரியக்காதான்" என்று தொடக்கத்தில் புதுசு எல்லோரிடமும் சொன்னாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பக்கத்துத் தையல் பிரிவிலிருந்து வந்தவர்கள், "புதுசு யாரோ ஒரு பாட்டுக்காரியக் கண்டுபிடிச்சிருக்காளாமே" என்றார்கள். பெரியக்கா கையிலிருந்த விரிப்பை வேண்டியதற்கு மேல் பலமாக உதறினாள். முனை நழுவிப் புதுசின் கன்னத்தில் அடித்தது.

"பாத்துக்கா."

"நீ பிடிச்ச லட்சணம் அப்படி."

பாடினால் வேலை வேகமாக நடந்தது. அடுக்கு உயர்வதைப் பார்த்துச் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் விட்டான். ஒருநாள் மேனேஜர் வாசலில் நின்று பாட்டைக் கேட்டார்; யாருடைய பாட்டு என்று புதுசிடம் விசாரித்தார். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு ஏதாவது நிகழ்ச்சி தேடிக்கொண்டிருந்தவர் அவர். மறுவாரம் திரும்பி வந்து, உப்புக்காரியே வரச் சம்மதித்துவிட்டதாகச் சொன்னார்.

"டாக்டருங்க, பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க. பாதிப் பேருக்கு இந்தம்மா யாருன்னே தெரியாது. நீயே மேடையில ரெண்டு வார்த்தை சொல்லி அறிமுகப்படுத்திடும்மா" என்றார் புதுசிடம்.

புதுசு பெரியக்காவைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மேனேஜர் அதற்குள் நடந்துவிட்டார். விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி பெரியக்கா அங்கேயேதான் நின்றிருந்தாள்.

"அக்கா, அவங்ககிட்ட உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

"நான் எதுக்கு? நீ போ. நல்ல புடவை இருக்கா?"

அந்தக் கேள்வியில் இருந்த விஷம் புதுசுக்குத் தெரியவில்லை. "உன்கிட்ட இருந்தா குடுக்கா" என்றாள்.

இரண்டு நாள் பெரியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. உப்புக்காரியின் முன்னால் புதுசு நிற்பதும், உப்புக்காரி அவள் தலையில் கை வைப்பதும் கண்ணை மூடினாலும் வந்தது. மூன்றாம் நாள் பெண்கள் வழக்கம்போல் கடைசிச் சரணத்தைப் பாடிவிட்டுச் சிரித்தார்கள்.

எண்ணி எண்ணி எழுதிக்கிற
மேஸ்திரியே மேஸ்திரியே
ஒத்த மூட்ட நீ தூக்கு
மிச்சத்த நான் தூக்குறேன்

"என்ன இந்த இடம் வந்தா மட்டும் இளிக்கிறாளுங்க?" என்று சூப்பர்வைசர் குழாயடியில் பெரியக்காவிடம் கேட்டான்.

"நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது, சார்."

"சொல்லு."

"உங்களத்தான். மேஸ்திரின்னு பாடுறப்ப புதுசு உங்க பக்கம் கண்ணக் காட்டுவா."

அது பொய்யில்லை. எல்லோருமே கண்ணைக் காட்டினார்கள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை புதுசைக் கீழே அழுக்குப் பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். வார்டுகளிலிருந்து வரும் ரத்தத் துணி, வாந்தித் துணி எல்லாம் முதலில் அங்கேதான் வந்து விழும். அங்கே போனவர்கள் பெரும்பாலும் மேலே திரும்புவதில்லை. கூடத்தில் பாட்டு நின்றது. இனி அறிமுகத்தை மேனேஜரே பார்த்துக்கொள்வார் என்று சூப்பர்வைசர் அறிவித்தான். விழா மண்டபத்து மேசைகளுக்கு விரிப்பு போடும் வேலை பெரியக்காவுக்கு வந்தது.

விழா அன்று மேடைக்கு வந்த உப்புக்காரி, பெரியக்கா நினைத்திருந்ததைவிடக் குள்ளம். செருப்பை மேடையின் ஓரத்தில் கழற்றிவிட்டு மைக்கைத் தானே கீழே இறக்கிக்கொண்டாள். மேனேஜர் ஒரு தாளைப் பார்த்து, "உழைப்பின் குரல்" என்று வாசித்தார். பெரியக்கா பின்சுவரில் சாய்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். போனில் கேட்ட குரல்தான். ஆனால் இப்போது அது மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது; அவளுக்கென்று தனியாக எதுவும் வரவில்லை.

கடைசிச் சரணத்தில் உப்புக்காரி கையை நீட்டி முன்வரிசையைக் காட்டிப் பாடினாள். "மேஸ்திரியே மேஸ்திரியே..." முதலில் சிரித்தவர் மேனேஜர்தான். தொடையில் தட்டிச் சிரித்தார். டாக்டர்கள் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து, "அந்த வரிய இன்னொரு தடவ பாடுங்கம்மா" என்றார். ஓரத்தில் நின்ற சூப்பர்வைசர் மேனேஜரின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனும் கைதட்டினான்.

கூட்டம் கலைந்ததும், கறை படிந்த மேசை விரிப்புகளை மூட்டையாகக் கட்டிப் பெரியக்கா கீழே எடுத்துப் போனாள். அழுக்கறையில் ஜன்னல் கிடையாது. முழங்கைவரை கையுறையும் மூக்கை மூடிய துணியுமாகப் புதுசு ஒரு குவியலுக்குள் குனிந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"வந்தாங்களாக்கா? எப்படி இருக்காங்க?"

"குள்ளமா இருக்காங்க."

"நீ பேசினியா?"

"எங்க பேச விட்டாங்க?"

"கடைசிச் சரணம் பாடினாங்களா?"

பெரியக்கா மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தாள். அது இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"இல்ல" என்றாள்.

புதுசு தலையை ஆட்டிக்கொண்டாள். "பாடியிருக்க மாட்டாங்க. பெரிய இடம்ல. அவங்களுக்கும் பயம் இருக்கும், பாவம்."

பிறகு குனிந்து அடுத்த துணியை இழுத்தாள். கை சட்டென்று நின்றது. மடிப்புக்குள் யாரோ விட்டுவிட்டுப் போன ஊசி ஒன்று மின்னியது. அவள் அதை இரண்டு விரலால் பதமாக உருவி, பக்கத்திலிருந்த தகர டப்பாவில் போட்டாள். டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. உறையின் விரல் நுனி கிழிந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.