லாலி உட்காரும் இடம்

ஓர் ஊரின் குரலுக்கு ஆயிரத்து இருநூறு டாலர் என்று விலை சொன்னேன். நைசோலோ ஊர்ப் பெரியவர்கள் இருமினார்கள், சிரித்தார்கள், புயல் கொண்டுபோன பழைய லாலி முரசை நினைத்துக் கண்ணைத் துடைத்தார்கள், எண்ணூறுக்கு முடித்தார்கள். தலைநகர் சுவாவின் கைவினைச் சந்தையில், கப்பல் பயணிகளிடம் பேரம் பேசும் அம்மாவின் கடைப் பலகைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன் நான். கண்ணீருக்குத் தள்ளுபடி கொடுத்தது அதுவே முதல் தடவை.

லாலியைக் குடைந்தவள் என் மாமன் மகள் தொரிகா. ஆள் நீள வாதுமை மரத்தின் வயிற்றைத் தோண்டிச் செய்த முரசு அது. தேவாலய வாசலில் அடித்தால் வளைகுடாவின் அக்கரைத் தீவுக்குக் கேட்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் அங்குள்ளவர்கள் படகேறுவார்கள்.

தொரிகா செதுக்கலோடு நின்றவள் இல்லை. படகுத் துறையில் பலகை இழைத்தாள். மரப்பட்டைத் துணி அடிக்கும் அத்தைமாரோடு ஒரு வருடம் உட்கார்ந்தாள். பாடகர் குழுவில் சேர்ந்தாள். தலைவர்களுக்காகச் சபையில் பேசும் சித்தப்பா பின்னாலேயே சுற்றி, அந்தப் பேச்சையும் பொறுக்கிக்கொண்டாள். "கூரைக்குக் கூரை தாவுற கோழி," என்றது சந்தை. நானும்தான் சொன்னேன், முறைப்பெண்ணைக் கிண்டல் செய்ய எங்கள் ஊரில் உரிமை உண்டு.

வெள்ளிக்கிழமை, லாலியைத் தேவாலய வாசல் சிமெண்ட் மேடையில் ஏற்றி வெள்ளோட்டம். அக்கரையில் கேட்டால் வெள்ளைத் துணி அசைப்பதாக ஏற்பாடு. தொரிகா ஓங்கி அடித்தாள். ஈர மூட்டையை உதைத்தது போல ஒரு சத்தம். துணி அசையவில்லை.

"நம்ம காலி கேஸ் சிலிண்டர் இதவிட நல்லாக் கூப்பிடும்," என்றார் ஒரு மூப்பர். புயலுக்குப் பிறகு அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊர்த் தலைவர் ராத்து மேலி பெருமூச்சு விட்டார். "ஞாயித்துக்கிழம திறப்பு, மகளே. அதுக்குள்ள பேசலேன்னா சிலிண்டரையே மாட்டிருவோம். உன் மரத்த நீ எடுத்துட்டுப் போயிரு."

எடுத்துக்கொண்டு போனால் அந்தக் கதை எங்களுக்கு முன்னால் எல்லாத் தீவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு தொரிகாவிடம் யாரும் ஒரு கரண்டிகூடச் செதுக்கச் சொல்ல மாட்டார்கள்.

"இருநூறு கொறச்சுக்கலாமா?" என்றேன் மெதுவாக.

"வாய மூடு மச்சான். கேக்குறேன்ல."

லாலியின் பிளவுக்குள் தலையை விட்டு ஒரு சுரம் பாடினாள். மரம் அதே சுரத்தைத் திருப்பிப் பாடியது. படகின் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் விளிம்பெல்லாம் தட்டினாள். தடிமன் எங்கும் சீராக இருந்தது.

"மரத்துல குத்தம் இல்ல," என்றாள். "அத்தைமாரு துணி அடிக்கிற கட்டைய கெட்டித் தரையில வெக்கவே மாட்டாங்க. ரெண்டு நுனிக்கும் கீழ மெத்துனு ஏதாவது போடுவாங்க. இதப் பாரு, இடுப்பு வரைக்கும் சிமெண்ட் பள்ளத்துல எறங்கிக் கெடக்கு, அதிர எடமில்ல."

யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிமெண்ட் மேடை ராத்து மேலி தன் கையால் மணல் சுமந்து, தன் அப்பா பெயரில் கட்டியது. அது லாலியின் கழுத்தை நெரிக்கிறதென்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. விருந்தாளி சொன்னால் படகு கிடைக்காது, நீந்தித்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை காலை தொரிகா மரியாதைக்குக் கொடுக்கும் யங்கோனா பான வேர் ஒரு கட்டோடு தலைவர் வீட்டுக்குள் குனிந்து போனாள், நான் பின்னால். பாயில் உட்கார்ந்து, கை குவித்துத் தட்டி, சித்தப்பாவின் குரலில் ஆரம்பித்தாள்.

"ஐயா, லாலி ஒரு மன்னிப்புக் கேக்குது. உங்க அப்பா பேர் போட்ட எடத்துல ஏறி உக்காந்துடுச்சு. தலைவரோட எடம் அது. கூச்சத்துல அதுக்குப் பேச்சு வரல. கீழ, கடலோரமா, கயித்து மேல உக்கார உத்தரவு கேக்குது."

ராத்து மேலி ஜன்னல் வழியாக மேடையை ஒருமுறை பார்த்துவிட்டு, வேர்க்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"மரத்துக்கு இருக்குற மரியாத உன் மச்சானுக்கு இல்லியே," என்றார். "நேத்து அந்த மேடையில உக்காந்து பீடி குடிச்சான். சரி, எறக்குங்க."

எட்டுப் பேர் இறக்கினோம். தேங்காய் நார்க் கயிற்றைத் தடித்த சுருளாக்கி இரண்டு நுனிக்கும் கொடுத்தாள். வெறுமையான மேடையில் பாய் விரித்து ராத்து மேலி உட்கார்ந்தார். அப்படி ஒரு கம்பீரத்தில் அவரை நான் பார்த்ததில்லை. தொரிகா அடித்தாள்.

தண்ணீர்மேல் நடந்து போவது போல அந்தச் சத்தம் போனது. என் பல்லில் அதிர்ந்தது. அக்கரையில் ஒரு துணி அசைந்தது, பிறகு நாலைந்து. அப்புறம் மூன்று படகு கிளம்பியது. கிட்டே வந்ததும் பார்த்தால், எல்லாரும் வெள்ளை உடுத்தி, பைபிளைக் கக்கத்தில் இடுக்கி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சனிக்கிழமையே வருகிறார்கள்.

"அவ்வளவு நல்லாக் கூப்பிட்டா நாள் பாத்தா வருவாங்க?" என்றேன் மூப்பரிடம். சந்தைக்காரனுக்கு ஊர் ஊராய்ச் சொல்லி விற்க இதைவிட நல்ல கதை வாய்த்ததில்லை; என் வீட்டுச் சரக்கு.

வந்தவர்களுக்குச் சோறு போட ஊரே ஓடியது. தொரிகா கரையில் உட்கார்ந்து, கற்றுக்கொடுத்தவர்களில் யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரல் மடக்கினாள். நான் மனதில் பதித்துக்கொண்டேன்: படகுத் துறைக்கு ஒரு பெட்டி டின் மீன். அத்தைமாருக்குச் சர்க்கரை மூட்டை. பாடகர் குழுவுக்குப் புதுப் பாய். சித்தப்பாவுக்கு யங்கோனா, நல்லதாக. படகுப் பாய் தைப்பவருக்கு முன்பணம். திங்கட்கிழமை அவரிடம் வேலை பழகச் சேர்கிறாளாம். தீர்த்த கடன் ஒன்றுமில்லை, பாக்கி ஐந்து.