கேட்டில் நின்று அமுக்கிய பொத்தான்

மூன்றாவது தடவையும் கார் ஷெட்டின் ரிமோட் கதவு ஆவென்று திறந்து கிடந்ததும் மகள் முடிவெடுத்துவிட்டாள். சனிக்கிழமை வந்து அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்கிவிடுவது. இன்றைக்குக் கதவை மறப்பவர் நாளைக்குப் பிரேக்கை மறக்கமாட்டார் என்று என்ன நிச்சயம்?

"நான் அமுக்கினேம்மா. கேட்டுல நின்னு அமுக்கிட்டுத்தான் போனேன்" என்றார் அவர் போனில்.

"அமுக்கினதா நினைச்சிருப்பீங்கப்பா" என்றாள் மகள், அன்பாகத்தான். அந்த அன்புதான் அவருக்குச் சுருக்கென்றது.

மருமகன் தன் பங்குக்கு ரிமோட்டில் புது பேட்டரி போட்டு, ஷெட் வாசலிலேயே நின்று அமுக்கிப் பார்த்து, "ஜோரா வேலை செய்யுது மாமா" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்த சர்வேயர். அண்ணன் தம்பி வேலித் தகராறுகளைச் சங்கிலி பிடித்துத் தீர்த்தவர். ஆனாலும், ஒருவேளை தான் அமுக்கவே இல்லையோ என்று இரண்டு நாளாக அவருக்கே சந்தேகம். வெள்ளிக்கிழமை காலை, சாக்பீஸும் கையுமாக இறங்கிவிட்டார்.

ஷெட்டிலிருந்து கேட் இருபத்திரண்டு காலடி. கேட்டில் நின்று அமுக்கினார்; கதவு சமர்த்தாகத் திறந்தது. அங்கேயே நின்று மறுபடி அமுக்கினார், அசையவில்லை. பதினைந்தாவது காலடியில் ஒரு கோடு போட்டு அமுக்கினார், பத்தில் ஒரு கோடு. ஊஹூம். நான்காவது காலடிக்கு வந்த பிறகுதான் கதவு போனால் போகிறதென்று இறங்கியது.

திறக்க இருபத்திரண்டு, மூட நான்கா? ஒரே ரிமோட், ஒரே பொத்தான். கணக்கு இப்படி முரண்டு பிடித்தால் அவருக்குப் பசிகூட எடுக்காது.

ஷெட் சுவரிலிருந்த பொத்தானால் கதவைத் திறந்துவிட்டு மறுபடி கேட்டுக்குப் போனார். அமுக்கினார், கதவு மசியவில்லை. அந்நேரம் தபால்காரர் வந்தார்.

"என்ன சார், தரையில கோடு போட்டு விளையாடுறீங்களா?"

"ஆமா, கதவோட விளையாடுறேன். அது ஜெயிக்குது."

ஐந்து நிமிஷம் ஊர்க்கதை பேசிவிட்டுத் தபால்காரர் கிளம்பினார். சும்மா அமுக்கிப் பார்த்தார் சர்வேயர். கேட்டில் நின்றபடியே. கதவு மூடிக்கொண்டது!

அந்த ஐந்து நிமிஷத்தில் மாறியது என்ன? யோசித்தவருக்குப் பொறி தட்டியது. கதவு அசைந்தால் மேலே மோட்டாரிலிருக்கும் விளக்கு எரியும். ஐந்து நிமிஷத்தில் தானே அணையும். மறுபடி அளந்தார். விளக்கு எரிந்தால் நான்கு, அணைந்தால் இருபத்திரண்டு. ஷெட் அலமாரியிலிருந்த ரேடியோவைப் போட்டார். விளக்கு எரிந்தால் கரகர, அணைந்தால் சுத்தமான பாட்டு. இத்தனை நாளும் ரேடியோ நிலையத்தைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. பல்பு கிளப்பிய இரைச்சலில், ரிமோட் தூரத்திலிருந்து கூப்பிட்டது மோட்டாரின் காதில் ஏறவில்லை.

அது போன மாதம் மகள் வாங்கி வந்த எல்.இ.டி. பல்பு. அப்பா ஏறி விழுந்துவிடக் கூடாதென்று அவளே ஸ்டூல் போட்டு மாட்டியது.

கழற்றிப் பழைய குண்டு பல்பைப் போட்டார். விளக்கு எரியும்போதே, இருபத்திரண்டாவது காலடியிலிருந்து கதவு மூடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுபடி மகளின் பல்பையே மாட்டி வைத்தார்.

சனிக்கிழமை மகள் வந்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே சாவியையும் ரிமோட்டையும் நீட்டினார்.

"எடுத்துக்கோம்மா. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா. கதவை மூடிட்டுப் போ."

சுவர்ப் பொத்தானால் கதவைத் திறந்து காரை வெளியே எடுத்தாள். கேட்டில் நிறுத்தி ரிமோட்டை அமுக்கினாள். திரும்பிப் பார்க்காமல் தெருவைச் சுற்றப் போனாள். வந்து பார்த்தால் கதவு ஆவென்று கிடந்தது. உள்ளே அப்பா ஸ்டூல் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கதவை மூடலையாம்மா?"

"நான் அமுக்கினேம்ப்பா. கேட்டுல நின்னு அமுக்கிட்டுத்தான்..."

பாதியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது.

"நீ போட்ட பல்புதாம்மா" என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

அவள் கார் சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள். பிறகு அவர் கையிலிருந்த குண்டு பல்பை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.