நாலாவது தட்டு

ஆறு பேர் பெட்டியைத் தோளுக்கு ஏற்றியதும் பவுலின் கிளாரினெட்டை வாயில் வைத்தாள். பெட்டிக்குள் அவள் அப்பா சவுரிராயன். திண்டிவனத்துப் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்து, ஊர்ப்பட்ட சாவுகளுக்கு முன்னால் நடந்தவர். நேற்றுதான் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள்.

“ஒரே ஒரு பாட்டு வாசிக்கிறேம்மா” என்று காலையில் கேட்டபோது, “என்னமோ பண்ணு. உன் பாட்டு அவருக்குப் புடிக்காது” என்றாள் அம்மா செபஸ்தியம்மாள்.

அது பவுலினுக்கும் தெரியும். போலந்தில் அவள் சேர்ந்திருக்கும் குழு, அந்த ஊர்க் கிராமத்துக் கல்யாணப் பாட்டுகளை ஜாஸோடு கலந்து வாசிக்கும். அவர்களோடு வாசித்த முதல் பாட்டை அப்பாவுக்கு போனில் அனுப்பினாள். அப்பா சொன்னது இவ்வளவுதான்: “மூணு தட்டுத் தாளம்மா இது. இதுக்கு எவன் பெட்டி தூக்குவான்?”

அதற்குப் பிறகு அவள் எதையும் அனுப்பவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் அப்படியே இருந்தது. அதை நினைக்க அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அதே பாட்டைத்தான் மெதுவாக வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. முன்னால் தூக்கியவர்கள் இடது காலை வைத்தார்கள், பின்னால் தூக்கியவர்கள் வலது காலை. நாலு எட்டு போவதற்குள் பெட்டி சாய்ந்து, மேலிருந்த மாலை வழுக்கி ரோட்டில் விழுந்தது.

“ஐயோ, புடிங்கடா!” அம்மா கத்தினாள். “சொன்னேனே, கேட்டியா?”

பவுலின் நிறுத்திவிட்டாள். செத்தும் ஜெயித்துவிட்டார் மனுஷன் என்று தோன்றியது.

பேண்டு செட்டோடு நின்றிருந்த அப்பாவின் கூட்டாளி, டிரம்பெட் தேவசகாயம் பக்கத்தில் வந்தார். “ஏம்மா, அப்பா வாசிக்கிறாப்ல வாசிக்கக்கூடாதா?”

“எத சித்தப்பா?”

“இதத்தான். போன கிறிஸ்மஸ்லேர்ந்து எங்க உசுர வாங்கிக்கினு இருந்தாரே. எம்பொண்ணு பாட்டு நம்ம ஊர்ல போவணும்னு, நாலு தட்டுக்கு மாத்திட்டாரு. கண்டாச்சிபுரம் வரைக்கும் வாசிச்சாச்சு. சனங்க மாதா பாட்டுன்னு நெனச்சிக்கினு கும்புடுதுங்க.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“சொன்னா, பாட்டக் கெடுத்துட்டீங்கன்னு நீ கத்துவியாம்.”

அவர் கையைக் காட்ட, டிரம் நாலு தட்டியது. டிரம்பெட்டில் அவள் பாட்டு எழுந்தது. தூக்கியவர்களின் கால்கள் ஒன்றாக விழுந்தன.

“இதுவா உன் பாட்டு?” அம்மா மாலையைப் பொறுக்கித் தூசி தட்டினாள். “இதத்தான தெனம் ஊதிக்கினு கெடந்தாரு.”

பேண்டு செட்டுக்காரர்கள் டிரம்பெட்டுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு நடந்தார்கள். பாட்டின் நடுவில் கிளாரினெட் வர வேண்டிய இடத்தில் யாரும் வாசிக்கவில்லை. டிரம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

பவுலின் அந்த இடத்தில் போய் நடந்தாள். அவள் கால் இன்னும் மூன்றிலேயே விழுந்தது. அடுத்த சுற்று வருவதற்குள் பழகிவிட வேண்டும். கிளாரினெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாலு வரைக்கும் எண்ணிப் பார்த்தாள்.