ஒட்டுவாரொட்டி

ஆஸ்பத்திரி வராந்தாவில் ராசம்மாள் மகளை மடியோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்சத்தின் கழுத்திலும் முழங்கையிலும் கொப்புளங்கள் உடைந்து நீர் வடிந்தது. ஈ உட்காராதபடி ராசம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். பண்ணையின் காரியக்காரர் பஞ்சநதம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்.

"டாக்டரு பாத்துச் சொல்லட்டும். ஒட்டுவாரொட்டின்னா வேணாம். வெறும் சிரங்குன்னா, ஆறினதும் பொண்ணை அனுப்பிடணும். பெரியம்மா உத்தரவு."

"சொல்லட்டுங்க."

பெரிய வீட்டு மகளுக்குச் சென்னையில் குழந்தை பிறந்திருந்தது. துணி அலசவும் வீடு பெருக்கவும் அம்சத்தைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்று பேர்தான். குடிசை நிற்பது பண்ணை மனையில். முடியாது என்றால் கூரையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். ராசம்மாளின் புருஷன் இளையபெருமாள் கூலிப் போராட்டத்தில் பிடிபட்டுத் திருச்சி ஜெயிலில் இருந்தான்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் உதயசூரியன் வரைந்திருந்த சமயம் அது. தெருக் கொடிமரத்தடிக்குப் பேப்பர் வந்தால் அம்சம்தான் படித்துச் சொல்வாள். பெரிய ஆம்பிளைகள் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். அவள் ஒரு சொல்லில்கூடத் திக்கமாட்டாள். அந்த நேரத்தில் ராசம்மாள் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நிற்பாள்.

டாக்டர் நூர்ஜஹான் கொப்புளங்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். காரியக்காரரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது தானா வந்ததில்ல. சேராங்கொட்டைப் பால் பட்டு வெந்தது. யாரு பூசினது?"

ராசம்மாள் தலையைக் குனியவில்லை.

"நாந்தாங்க."

"பெத்த பிள்ளைக்கா?"

"மொதல்ல எந்தோள்ல பூசிப் பாத்தங்க." புடவையை விலக்கி, கருத்துப் புண்ணாகியிருந்த தோளைக் காட்டினாள். "தாங்க முடியும்னு தெரிஞ்ச பொறவுதான் இவளுக்கு. அஞ்சாங்கிளாசுல மொத மார்க்குங்க எம்பொண்ணு. அங்க போனா எச்சித்தட்டோட போயிடும். காச்ச, வவுத்துவலின்னா நம்பமாட்டாங்க. கண்ணால பாத்தாத்தான் விடுவாங்க."

"கண்ணுல பட்டிருந்தா? அப்புறம் எதை வச்சுப் படிப்பா?"

ராசம்மாள் மகளின் இமையைத் தொட்டுப் பார்த்தாள். அம்சம்தான் பேசினாள்.

"நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன் டாக்டர். அம்மா ஊதிக்கிட்டே இருந்துச்சு. என்னை அழுவாதேன்னு சொல்லிட்டு அதுதான் அழுதுச்சு."

டாக்டர் களிம்பைத் தடவினார். பிறகு, "இனிமே செய்யமாட்டேன்னு பிள்ளை மேல சத்தியம் பண்ணு" என்றார். மகளின் உச்சியில் கைவைத்து ராசம்மாள் சத்தியம் செய்தாள். அவளுடைய தோளுக்கும் டாக்டரே மருந்து போட்டார்.

கதவு திறந்ததும் பஞ்சநதம் கேட்டார்: "ஒட்டுமாங்க?"

"ஒட்டாது. ஆனா வாராவாரம் நான் பாக்கணும். ஊரைவிட்டு அனுப்பக் கூடாது. பள்ளிக்கூடம் போகலாம்."

"பள்ளிக்கூடம் எதுக்குங்க?"

"நான் சொல்றேன்ல."

பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, வேற ஆளப் பாத்துக்கறோம்."

கொப்புளங்கள் காய்ந்தபோது சம்பா நடவு தொடங்கியிருந்தது. முழங்கால் சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் வெள்ளைக் களிம்போடு, பையை மாட்டிக்கொண்டு அம்சம் ரோட்டில் வீச்சாக நடந்து போனாள். ராசம்மாள் நாற்று முடியோடு கையை உயர்த்தினாள்.

"எம்பொண்ணு போவுது பாருங்கடி! எப்படி நடக்குது பாருங்க!"

பின்னாலேயே பண்ணையின் பிளஷர் கார் வந்தது. அம்சம் ஓரத்தில் ஒதுங்கி நின்றாள். கார் ஜன்னலில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு சின்னத் தலை தெரிந்தது. அம்சத்தோடு ஒரே வகுப்பில் படித்த ஆனந்தம்.

ராசம்மாளின் கை தாழ்ந்தது. அவளுக்கு அடுத்து நட்டுக்கொண்டிருந்த ரெங்கம்மாள், ஆனந்தத்தின் தாய், தலையைத் தூக்கவே இல்லை. கார் சத்தம் அடங்கிய பிறகும், நட்ட இடத்திலேயே இன்னொரு நாற்றையும், அதன்மேல் இன்னொன்றையும் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.