புழு நெளிந்த பாட்டில்

1999 ஏப்ரல். ஆய்வேட்டைக் கொடுக்க மாதக் கடைசிவரைதான் கெடு. அந்த நேரம் பார்த்தா மெர்சியின் பாட்டிலில் புழு நெளிய வேண்டும்!

பழ ஈ ஆய்வகத்தில் புழு வந்தால் சந்தோஷம்தான் படுவார்கள். அதற்குத்தானே ரவையும் வெல்லமும் காய்ச்சிப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறார்கள். ஆனால் மெர்சி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஆனேக்கல் திராட்சைத் தோட்டத்து ஈக்களோடும் மலைக்காட்டு ஈக்களோடும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவள் அவள். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் காலங்காலமாகப் பிரிந்து கிடந்ததில் இரண்டும் வேறு வேறு இனமாகவே ஆகிவிட்டன, ஜோடி சேர்த்தாலும் வம்சம் தழைக்காது என்பதுதான் அவளுடைய ஆய்வேடு மொத்தமும். தோட்டத்துப் பெண்ணையும் மலைக்காட்டு ஆணையும் சேர்த்து அடைத்த பாட்டில் ஒன்றிலும் இதுவரை புழு வந்ததில்லை. கடைசிப் பாட்டிலில்தான் இந்தப் பாழாய்ப்போன புழுக்கள்.

"கோமளம், இங்க வாடி. என் கதை முடிஞ்சுது."

பக்கத்து மேசைக் கோமளம் அல்சூர்க்காரி. வேறொரு வகை ஈயை ஆராய்கிறவள். எட்டிப் பார்த்ததும் அவள் முகமும் தொங்கிவிட்டது.

"பேஜாராகாதே. சுடுதண்ணில கொட்டிடு. ஒரே ஒரு பாட்டில், யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேடி."

இவளை யார் இவ்வளவு யோக்கியமாக இருக்கச் சொன்னது! கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் இடிபட்டு வந்து உழைத்த உழைப்பெல்லாம் வீணா? மெர்சி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"இந்தப் பாட்டிலுக்குத் தோட்டத்துப் பொண்ணு ஈங்கள நீதானே பிரிச்சே? பெரிய வெள்ளிக்கு நான் சர்ச்சுல இருந்தேன்."

"ஆமா. காலைல பழசையெல்லாம் காலி பண்ணேன். புதுசா வெளிய வந்ததுல பொண்ணுங்கள சாயங்காலம் எடுத்தேன்."

"சாயங்காலமா? மத்தியானத்துக்குள்ள எடுக்கணும்டி, பாவி!"

கோமளத்தின் ஈப் பெண்கள் கூட்டை விட்டு வந்து பல நாள்வரை ஆணைத் திரும்பியும் பார்க்காது. அந்தப் பழக்கத்தில் சாவகாசமாக வந்திருக்கிறாள். மெர்சியின் ஈக்களோ காலையில் பிறந்து சாயங்காலத்துக்குள் கல்யாணம் முடித்துவிடும். அப்படியானால், மலைக்காட்டு மாப்பிள்ளையைப் பார்க்கும் முன்பே அந்தப் பெண்கள் சொந்தத்திலேயே ஜோடி சேர்ந்திருக்கலாம்.

சேர்ந்தனவா, இல்லையா? பெண் வீட்டார், அடையாளத்துக்காகவே ஆய்வகத்தில் தனியாக வளர்த்த வெள்ளைக் கண் பரம்பரை; மலைக்காட்டு ஆணுக்குச் சிவப்புக் கண். பிறப்பது கலப்பு என்றால் மகள்களுக்கு அப்பனின் சிவப்புக் கண் வந்தே தீரும். ஒரே ஒரு சிவப்புக் கண் போதும், ஆய்வேடு குப்பைக்கு.

காத்திருந்தார்கள். மெர்சிக்குச் சோறு இறங்கவில்லை. ஈக்கள் வெளியே வந்த அன்று, "நீயே பாரு, என்னால ஆவாது" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கோமளம் ஈக்களை மயக்கிப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பரப்பினாள். தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"வெள்ளை... இதுவும் வெள்ளை... மெர்சி, பொண்ணுங்க எல்லாம் வெள்ளைடி!"

மெர்சி அவளைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். சிவப்பு என்று மருந்துக்கும் இல்லை. பொத்தென்று தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

"கொட்டச் சொன்னேனேடி," என்று கோமளம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கொட்டியிருந்தா?"

மெர்சி அந்தப் பாட்டிலை நிமிர்ந்து பார்த்தாள். கொட்டியிருந்தால், பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் புழுக்கள் உள்ளே நெளிந்துகொண்டே இருந்திருக்கும்.

"அப்பாடா!" என்று கண்ணைத் துடைத்தாள். "பசி உயிர் போவுது. கெளம்பு, நீதான் தோசை வாங்கித் தரே."