குழாயில் மிச்சமிருந்த காற்று

கன்னத்தில் மறுபடியும் ஓர் அறை விழுந்தபோது வசந்தகுமாரின் உதடு கிழிந்தது. அப்பா தணிகாசலம் நிறுத்தவில்லை. வாசலில் மூத்த மகன் வெங்கடேசனைப் பாடையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பறை அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"கொள்ளிச்சட்டியத் தொட்ட, கைய ஒடச்சிடுவேன். கொன்னவன் கையால எம்புள்ளைக்கு நெருப்பா?"

வெங்கடேசனுக்குக் குழந்தை இல்லை. தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டுமென்று பங்காளிகள் சட்டியை வசந்தகுமாரிடம் கொடுத்திருந்தார்கள். தணிகாசலம் அதைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். யாராவது நியாயம் பேச வந்தால் அவனுக்கும் அறை விழும் போலிருந்தது.

ஒரகடம் கூட்டுரோட்டில் அவருக்குப் பஞ்சர் கடை. இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். படப்பைப் பண்ணைக்காரர் அண்ணாதுரை, ஏரியில் கொக்கு சுட வெளிநாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அதன் அடியில் இருக்கும் குழாயில் அடைத்த காற்றை அளந்து விடுவது உள்ளே இருக்கும் ரெகுலேட்டர். குண்டு இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று அவர் கேட்க, வெங்கடேசன் ரெகுலேட்டரின் வாஷர்களை மாற்றிக் கொடுத்தான். கொஞ்ச நாள் கொக்குகள் செத்து விழுந்தன. பிறகு ரெகுலேட்டர் இறுகிக்கொண்டது, சுடாமல் போன துப்பாக்கி கடைக்கே திரும்பி வந்தது. நேற்று மதியம் வசந்தகுமார் ஸ்பேனர் போட்டுக் குழாயின் மூடியைத் திருகினான். அது பிய்த்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனின் நெஞ்சை உடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"காத்து கீதா இல்லியான்னு பாக்காம எவனாவது மூடியத் தொறப்பானா? வாயில இன்னாடா வச்சிகினுகீற? சொல்றா."

வசந்தகுமார் சொல்லவில்லை. ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் நின்றான். அந்த மௌனம் தணிகாசலத்துக்கு வெறியேற்றியது. பாடை கட்டியதில் மீந்து கிடந்த பச்சை மூங்கிலை எடுத்து ஓங்கி அடித்தார். மகன் முட்டிபோட்டு விழுந்தான். பங்காளி அப்பாவு குறுக்கே வந்தார். அவர் தோளிலும் ஒன்று விழுந்தது.

"வுடு தணிகாசலம். இருக்கிறவனையும் சாவடிச்சிடாத."

"சாவட்டும்."

அவர் அதைத்தான் விரும்பினார். மூங்கிலை மறுபடி ஓங்கினார்.

செத்தவனின் மனைவி லீலா பெண்களை விலக்கிக்கொண்டு வந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுக் கடைக்குச் சோறு கொண்டுபோனவள் அவள்தான்.

"தம்பிய அடிக்காதீங்க மாமா. அது கேட்டுச்சு. காத்து கீதாண்ணேன்னு ரெண்டு தபா கேட்டுச்சு. உங்க புள்ளதான் துப்பாக்கிக் குதிரைய அமுக்கிப் பாத்துட்டு, காலிடா, தொறன்னாரு."

"அவன் அப்பிடி சொல்லமாட்டான்."

"சொன்னாரு மாமா. சத்தம் வரலன்னா காத்து இல்லடா, அப்பா சொல்லிக்குடுத்ததுதானேன்னு சிரிச்சாரு. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன்."

மூங்கில் கையிலிருந்து நழுவியது. டியூபின் வால்வை அழுத்து, சத்தம் வராவிட்டால் காலி. பிள்ளைகள் கடைக்கு வந்த முதல் நாளிலிருந்து அவர் சொல்லிவந்தது அது. டியூபுக்குச் சரிதான். இறுகிப்போன ரெகுலேட்டர் குழாய் நிறையக் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சமும் சத்தம் காட்டாது என்பது அவருக்கும் தெரியாது. நேற்று அவரே அங்கிருந்தாலும் காலி என்றுதான் சொல்லியிருப்பார்.

"நீ ஏன்டா சொல்லல?"

வசந்தகுமார் மண்ணைப் பார்த்தபடி சொன்னான். "பழி எம்மேலயே இருக்கட்டும்னுதான்ப்பா."

தணிகாசலம் தன் தலையிலேயே அடித்துக்கொள்ள நினைத்தார், கை எழவில்லை. குனிந்து மகனின் அக்குளில் கைகொடுத்து நிறுத்தினார். சட்டியை எடுத்து அவனிடம் கொடுத்தார். தோள்துண்டால் அவன் வாயைத் துடைத்தார். ரத்தம் மறுபடி வந்தது.

பறை கிளம்பியது. வசந்தகுமார் பாடைக்கு முன்னால் நடந்தான். துண்டை அவன் உதட்டில் அழுத்திப் பிடித்தபடி தணிகாசலம் பக்கத்திலேயே நடந்தார்.